வரிசையை விட்டு வந்தவள்

ராட்டினத்தின் நிழல் வாசலில் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலே, வெள்ளையும் சிவப்புமாய், ஆகாயத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ராட்சத ராட்டினம் நிதானமாகத் திரும்பியது. கீழே, ஈரம் காயாத சிமெண்டுத் தரையில், அதன் நிழலும் திரும்பியது. ஐப்பசி மாதத்துக் காலை வெயில். இருக்கவா போகவா என்று யோசிக்கிற வெயில்.

ஒரு கூண்டின் நிழல் பாதையைக் கடந்து போனது. அடுத்தது வந்தது. போனது. வந்தது.

எல்லோரும் நிழலை மிதித்துக்கொண்டே உள்ளே போனார்கள். தேன்மொழி மட்டும் நின்றாள். கூண்டின் நிழல் போகட்டும் என்று ஒதுங்கி வழிவிட்டாள். அது போனதும் அடுத்தது வந்தது. அதற்கும் வழிவிட்டாள்.

நிழலுக்கு வழிவிடுகிற பிள்ளையை சுகந்தி அதுவரை பார்த்ததில்லை. கையைப் பிடித்து இழுக்க மனம் வராமல் அவளும் கூடவே நின்றாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தபடி சுற்றிப் போனார்கள்.

தேன்மொழிக்கு இரண்டரை வயது. சுகந்திக்கு மகளாகி மூன்று மாதம்.

ஆவணி பிறந்த வாரத்தில், ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து அவளைத் தத்தெடுத்து வந்தார்கள். அங்கே பிள்ளைகள் அதிகம், தூக்க இருந்த கைகள் குறைவு. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பெயர்கூட இல்லம் வைத்ததுதான். அவள் கொண்டுவந்த ஒரே சொத்து அது என்பதால் சுகந்தி அதை மாற்றவில்லை.

பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது இல்லத்து ஆயா சொன்னாள். "அழவே அழாதும்மா. தொந்தரவே கெடையாது."

நல்ல குணம் என்றுதான் ஆயா சொன்னாள். சுகந்தியும் அன்றைக்கு அதை அப்படித்தான் கேட்டுக்கொண்டாள்.

முதல் வாரமே பிள்ளை பின்கட்டுப் படியில் விழுந்தாள். முட்டியில் ரத்தம். ரத்தத்தைப் பார்த்தாள். எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு பழைய இடத்திலேயே போய் நின்றாள்.

யாராவது வருகிறார்களா என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்து போட்டுவிட்டு சுகந்திதான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

காலையில் அவள் விழித்துக்கொண்ட சத்தம் கேட்காது. எப்போது விழித்தாள் என்று யாருக்கும் தெரியாது. போய்ப் பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு, கையைக் காலை அசைக்காமல், சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பாள். யாராவது வந்து தூக்கும்வரை. யாரும் வராவிட்டாலும்.

குழந்தை மருத்துவர் சொல்லத் தயங்கித்தான் சொன்னார். "அழுது பாத்திருக்கும்மா. நெறைய அழுது பாத்திருக்கும். யாரும் வரலன்னா ஒரு நாள் விட்டுடும். நமக்குன்னு ஒருத்தர் வருவாங்கன்னு நம்பிக்கை வந்தா, அப்ப அழும். அவசரப்படாதீங்க."

அன்றிலிருந்து சுகந்தி காத்திருக்கிறாள். மற்ற தாய்மார்கள் பிள்ளை சிரிக்கக் காத்திருப்பார்கள். நடக்கக் காத்திருப்பார்கள். இவள் பிள்ளை அழக் காத்திருந்தாள்.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

தீம் பார்க் போகலாம் என்றது பூவராகன். அவள் கணவன். அவன் யோசனைகள் எப்போதும் பெரியவை. செருப்பு வாங்கப் போய் பீரோ வாங்கிக்கொண்டு வந்தவன்.

"ஒண்ணுமே கேக்க மாட்டேங்குறா சுகந்தி. கேக்காம இருக்கவே முடியாத எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

அவ்வளவுதான் திட்டம். ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். அது வேண்டும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தரையில் காலை உதைக்க வேண்டும். அதற்காக நண்பனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, விடியுமுன் விழுப்புரத்திலிருந்து கிளம்பி, பிள்ளைக்குப் பாதி வழியில் இட்லி ஊட்டி, வந்து சேர்ந்தார்கள்.

உள்ளே ஒட்டகச்சிவிங்கிகள் காத்திருந்தன.

ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் பலகையில் வரைந்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று. அது நீட்டிய வாலின் உயரம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். தேன்மொழிக்கு அதன் முட்டிகூட எட்டவில்லை.

வானத்தில் தலைகீழாகப் போகும் ரயிலுக்கு இல்லை. தண்ணீரில் சறுக்கும் படகுக்கு இல்லை. பூவராகன் விடவில்லை. ஒவ்வொரு ஒட்டகச்சிவிங்கியிடமும் மகளை நிறுத்தி அளந்து பார்த்தான். போன பலகைக்கும் இந்தப் பலகைக்கும் நடுவில் பிள்ளை கொஞ்சம் வளர்ந்திருப்பாள் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

கடைசியில் குடைராட்டினத்துக் குதிரை கிடைத்தது. மஞ்சள் பிடரி வைத்த வெள்ளைக் குதிரை.

தேன்மொழி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றி வரும்போதெல்லாம் சுகந்தி கையசைத்தாள். பிள்ளை பார்த்தாள். சுற்றிப் போனாள். வந்தாள். பார்த்தாள். போனாள்.

குதிரைகள் நின்றபோது மற்ற பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்று குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். தேன்மொழி யாரும் சொல்லாமலே இறங்கி வந்து நின்றாள். அடுத்தது என்ன என்றுகூட முகம் கேட்கவில்லை.

வரிசை மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இல்லத்தில் எதற்கும் வரிசைதான். முன்னால் நிற்கும் பிள்ளையின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியே போக வேண்டும். சோற்றுக்கு, கை கழுவ, தூங்க. பிடித்த சட்டையை விடக் கூடாது.

இந்தப் பார்க்கோ வரிசைகளால் ஆனது. ஜூஸுக்கு ஒரு வரிசை, கழிப்பறைக்கு ஒரு வரிசை, வரிசையில் நிற்க டோக்கன் வாங்க ஒரு வரிசை. எந்த வரிசையைக் கண்டாலும் தேன்மொழி போய்க் கடைசியில் நின்றாள். முன்னால் நிற்பவரின் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூஸ் கடையில் அவளிடம் மாட்டியது ஒரு கல்லூரிப் பையன். யாரோ பர்ஸைத் தொடுகிறார்கள் என்று திடுக்கிட்டுத் திரும்பியவன், ஜீன்ஸைப் பிடித்திருந்த சின்ன விரல்களைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அக்கா, உங்க பாப்பா என்னைய அரெஸ்ட் பண்ணிட்டா."

வரிசையே சிரித்தது. "என்ன சமத்து," என்றாள் ஒருத்தி. "சமத்துக் குட்டி," என்றாள் இன்னொருத்தி.

சமத்து. மூன்று மாதமாக சுகந்தி இந்தச் சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டில், பேருந்தில், கோயிலில். நல்ல சொல்தான். ஒவ்வொரு முறையும் எங்கோ குத்தியது.

ஏனென்றால் பார்க் முழுக்க அழுகை. பலூனுக்கு அழுகை, பலூன் பறந்ததற்கு அழுகை, தண்ணீரில் இறக்கினால் அழுகை, தண்ணீரை விட்டுத் தூக்கினால் அதைவிடப் பெரிய அழுகை. கரடி வேஷம் போட்டவர் செல்லமாகக் கை நீட்டிய இடமெல்லாம் பிள்ளைகள் ஊரைக் கூட்டினார்கள்.

சிவப்பு பனியன் போட்ட ஒரு பயல், சோப்புக் குமிழி விடும் துப்பாக்கி வேண்டும் என்று நடுப்பாதையில் மல்லாந்து கிடந்தான். தூக்கினால் வில்லாக வளைந்தான். அவன் அம்மா வியர்த்து விறுவிறுத்து நின்றாள்.

"பாருங்கக்கா, மானத்த வாங்குறான்," என்றாள் சுகந்தியிடம். தேன்மொழியை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கென்ன, குடுத்து வச்சவங்க."

சுகந்தி சிரித்து வைத்தாள். உள்ளே வயிறு எரிந்தது. உண்மையிலேயே எரிந்தது. தரையில் புரளும் அந்தப் பயலை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது.

பூவராகன் பஞ்சுமிட்டாய் வாங்கி வந்தான். பிள்ளையின் முகத்தைவிடப் பெரிய ரோஜா நிறப் பஞ்சு.

தேன்மொழி வாங்கிக்கொண்டாள். குச்சியை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தின்னச் சொல்லவில்லை, அதனால் தின்னவில்லை. சுகந்தி ஒரு துளி கிள்ளி வாயில் வைத்தாள். பிள்ளையின் கண் ஒரு கணம் விரிந்தது. ஆம், விரிந்தது. சுகந்தி பார்த்தாள்.

அதற்குள் சிவப்பு பனியன் எங்கிருந்தோ வந்து ஒரு பிடி பிய்த்துக்கொண்டான். தேன்மொழி அவனைப் பார்த்தாள். மிச்சத்தையும் அவனிடமே நீட்டினாள்.

பூவராகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராட்டினத்தைப் பார்த்தபடியே சொன்னான். "பரவால்ல சுகந்தி. அடுத்த வருஷமும் வருவோம்."

மதியத்துக்கு மேல் வெளிச்சம் மாறியது.

முதலில் நிழல்கள் போயின. ராட்டினம் இருந்தது, அதன் நிழலைக் காணவில்லை. பிறகு கடல் பக்கமிருந்து காற்று. காற்றோடு மண்வாசம். வாசத்தின் பின்னாலேயே மழை.

மழை என்றால் தூறல் இல்லை. ஐப்பசி மழை. கூட்டம் மொத்தமும் கூரை தேடி ஓடியது. லாக்கரில் வைத்த குடையை எடுக்கப் பூவராகன் ஓடினான். சுகந்தி பிள்ளையோடு ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கினாள்.

பிள்ளையின் தலை நனைந்திருந்தது. துவட்டத் துண்டு எடுக்கப் பையைத் திறந்தாள். ஜிப் சிக்கிக்கொண்டது. அதைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கமாகப் போனார்கள். எல்லோர் தலையிலும் மஞ்சள் தொப்பி. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, நீளமாக. அழகாகத்தான் இருந்தது. சுகந்தி ஒரு கணம் பார்த்து ரசிக்கக்கூடச் செய்தாள்.

துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தாள். துவட்டத் தலை இல்லை.

"தேனு."

கடைக்குப் பின்னால் இல்லை. பக்கத்துக் கூரையில் இல்லை. மழைக்குள் இல்லை. தேனு, தேனு என்று அவள் கூப்பிட்ட குரலைத் தகரத்தில் விழுந்த மழை தின்றது.

தகவல் அறையில் இருந்தவர் நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மைக்கில் அறிவித்தார். பிறகு ஆறுதல் சொன்னார். "பயப்படாதீங்க மேடம். தொலைஞ்ச புள்ள அழும். அழுற புள்ளைய யாராவது கையப் புடிச்சு இங்க கொண்டாந்து விட்டுடுவாங்க. எப்பவும் நடக்குறதுதான்."

"அவ அழமாட்டா சார்."

"எந்தப் புள்ளைம்மா அழாது?"

"என் புள்ள அழாது," என்றாள் சுகந்தி. நாற்காலியில் உட்காராமல் மறுபடி மழைக்குள் இறங்கினாள்.

கூரைக்குக் கூரை அழுகை. இடிக்குப் பயந்த அழுகை, குளிருக்கு அழுகை, தூக்கத்துக்கு அழுகை. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் அழுகையை ஆயிரத்தில் பிரித்து எடுத்துவிடுவாள். தூக்கத்தில்கூட எடுத்துவிடுவாள்.

சுகந்திக்கு அது முடியாது. மகளின் அழுகை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

அதனால் காதை விட்டுவிட்டாள். கண்ணால் மட்டும் தேடினாள். எங்கே சத்தம் இல்லையோ அங்கே தேடினாள். அழாமல், கேட்காமல், ஓர் ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு சின்ன உருவம். அதைத்தான் தேடினாள்.

பூவராகன் எதிரே ஓடி வந்தான். கையில் குடை. விரிக்கத் தோன்றவில்லை, சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அறிவிப்பைக் கேட்டிருக்கிறான். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டான்.

"நீ நின்ன எடத்துல வரிசை எதுனா போச்சா?"

சுகந்தி அவன் கையைப் பிடித்தாள். "மஞ்சத் தொப்பி," என்றாள். "ஸ்கூல் புள்ளைங்க. சட்டையப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க."

இருவரும் ஓடினார்கள். அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

மழைக்காக ராட்டினத்தை நிறுத்தியிருந்தார்கள். அதன் டிக்கெட் கூரைக்குக் கீழே ஒரு கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் ஏதோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பல நாள் திறக்காத கதவைத் திறப்பது போல, கரகரவென்று, இழுத்து இழுத்து ஓர் அழுகை.

பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தாள் சுகந்தி. நிற்கவில்லை. அவள் பிள்ளை அழாத பிள்ளை. அந்த அழுகையைத் தாண்டி ஓடினாள்.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மஞ்சள் தொப்பிகள் நின்றன. முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். கடைசியில் இரட்டைச் சடைச் சிறுமி ஒருத்தி. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

சுகந்தி அந்த வெற்றிடத்தில் போய் நின்றாள். அப்போது பார்த்தாள். அந்தச் சிறுமியின் சட்டை பின்பக்கம் ஓரிடத்தில் கசங்கியிருந்தது. ஒரு சின்னக் கை இறுக்கிப் பிடித்த அளவு.

"இங்க ஒரு பாப்பா…"

"வந்துச்சு ஆன்ட்டி," என்றாள் சிறுமி. "என் சட்டையப் புடிச்சிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் திரும்பிப் பாத்துச்சு. பாத்துட்டே நின்னுச்சு. சட்டைய விட்டுட்டு அழுதுகிட்டே திரும்பி ஓடிடுச்சு. டீச்சர் இப்பதான் தேடிப் போனாங்க."

"அழுதுச்சா?"

"ஆமா ஆன்ட்டி. பயங்கரமா."

சுகந்தி திரும்பினாள்.

மழை குறைந்திருந்தது. நின்றுபோன ராட்டினத்தின் அடியிலிருந்து அந்த அழுகை வந்துகொண்டிருந்தது. இப்போதுதான் அதைக் கேட்டாள். தாண்டி வந்த அழுகை. யார் பெற்ற பிள்ளையோ என்று தாண்டி வந்த அழுகை.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கூட்டம் விலகியது. நடுவில் தேன்மொழி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வாயை முழுதாகத் திறந்துகொண்டு, மூக்கு வழிய, முகமெல்லாம் சிவக்க, வரிசையை விட்டு வந்த பிள்ளை நட்டநடுவில் நின்று அழுதாள். யாரோ பிஸ்கட் நீட்டினார்கள். டீச்சர் அம்மா குந்தி உட்கார்ந்து அழாதே அழாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தேன்மொழி கண்ணைத் திறந்தாள். சுகந்தியைப் பார்த்தாள்.

அழுகை இரண்டு மடங்கானது.

எவரைக் கண்டாலும் பிள்ளையின் அழுகை நிற்கலாம். ஓர் ஆளைக் கண்டால் மட்டும் அது கூடும். மற்ற பிள்ளைகளிடம் சுகந்தி இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்து ஏங்கியிருக்கிறாள். இப்போது அந்த ஓர் ஆள் அவள்தான். தேன்மொழி இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

அம்மா என்று சொன்னாளா என்று பூவராகன் பிறகு பல தடவை கேட்டான். சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

சுகந்தி வாரி எடுத்துக்கொண்டாள். ஈரக் கை இரண்டும் அவள் கழுத்தை இறுக்கின. சின்ன விரல்கள் அவள் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்துக் கசக்கின.

"அழுடா கண்ணு," என்றாள். "நல்லா அழு. எவ்ளோ வேணும்னாலும் அழு. அம்மா வந்துட்டேன்ல."

பிஸ்கட்காரர் கையை மடக்கிக்கொண்டார். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையை அழச் சொல்லும் தாயை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்.

பூவராகன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "இது நம்ம தேனுவா? இந்தச் சத்தமா?" என்றான். விரிக்காத குடையோடு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் மழைநீர் எது, கண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை.

அழுகை அடங்க நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மழை விட்டது. மேற்கே மேகம் விலகி, சாய்ந்த வெயில் வந்தது. காலையில் வந்த வெயில் இல்லை இது. இருக்கத்தான் வந்தேன் என்கிற வெயில். ராட்டினம் ஒரு முறை முனகிவிட்டு மெல்லத் திரும்பத் தொடங்கியது.

அம்மாவின் தோளில் இருந்தபடி தேன்மொழி ஒரு விரலை நீட்டினாள். பஞ்சுமிட்டாய்க் கடை. மழையில் மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இல்லடா செல்லம். மூடிட்டாங்க."

விரல் மடங்கவில்லை. உதடு பிதுங்கியது. தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். தரையில் உட்கார்ந்தாள். ஒரு காலை உதைத்தாள். அது பிடித்திருந்தது போலும், இன்னொரு காலையும் உதைத்தாள். தேங்கிய நீர் பூவராகன் சட்டைவரை தெறித்தது.

"சுகந்தி, ஒதைக்கிறா பாரு," என்றான் அவன், ரகசியம் போல. "அடம் புடிக்கிறா."

சிவப்பு பனியன் பயலை இடுப்பில் தூங்கவைத்துக்கொண்டு அவன் அம்மா அந்தப் பக்கமாக வந்தாள். நின்று பார்த்தாள். "என்னக்கா, உங்க பொண்ணுமா?"

"ஆமாங்க," என்றாள் சுகந்தி. முகத்தைக் கோபமாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை. "மானத்த வாங்குறா."

வழியில் எங்காவது பஞ்சுமிட்டாய் கிடைக்காமலா போகும் என்று பூவராகன் சத்தியம் செய்தான். கிடைக்காவிட்டால் மெஷினையே வாங்கிவிடுவான், செய்யக்கூடியவன்தான். தேன்மொழி ஒருவழியாக எழுந்தாள். அம்மாவின் சேலையைப் பின்னாலிருந்து பிடிக்கவில்லை. முன்னால் வந்து கையைப் பிடித்தாள்.

காலையில் வாசலில் விழுந்த ராட்டினத்தின் நிழல் இப்போது பார்க்குக்குள் விழுந்திருந்தது. நீளமாய், ஈரத் தரையில், பாதைக்குக் குறுக்கே. ஒரு கூண்டின் நிழல் போனது. அடுத்தது வந்தது.

சுகந்தி நின்றாள். பிள்ளை வழிவிட்டு முடிக்கட்டும் என்று காலையில் நின்றது போலவே நின்றாள்.

தேன்மொழி நிற்கவில்லை. என்ன நிற்கிறாய் என்பது போல அம்மாவின் கையை இழுத்தாள். வந்த நிழல் அவர்கள் இருவர் மேலும் ஏறி இறங்கிப் போனது.

அடுத்தது வந்தது. அதன் மேலும் நடந்தாள்.